மோக்கன் பையனுக்குப் பிறவியிலேயே மீன் கண்ணா?

கேள்விநாயகம்: பக்கத்து இழையில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார்: "தாய்லாந்து சுரின் தீவு மோக்கன் பழங்குடிப் பையனுக்குப் பிறவியிலேயே மீன் கண், தண்ணிக்குள்ளயும் தெளிவா தெரியும். ரத்தத்துல வர்றது." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 2003லயே ஸ்வீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் குழு அளந்தாச்சு. தண்ணிக்குள்ள மோக்கன் பிள்ளைங்க கண்பாப்பா 1.96 மி.மீ. வரைக்கும் சுருங்குது, ஐரோப்பியப் பிள்ளைங்களுக்கு 2.5. கண்பாப்பா சின்னதானா தண்ணிக்குள்ள தெளிவா தெரியும். அப்புறம் ஐரோப்பியப் பிள்ளைங்களையும் பழக்கினாங்க, அவங்களுக்கும் அந்தப் பார்வை வந்துடுச்சு. ரத்தமாம் ரத்தம்!

கடல்ராசா: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா? 1.96ன்னு நீங்களே சொல்றீங்க. சும்மா சுருங்குமா?

கேள்விநாயகம்: பழக்கினா சுருங்கும்.

கடல்ராசா: பழக்கினது விரல் விட்டு எண்ணுற அளவு பிள்ளைங்களை. இதை வெச்சு முடிவு கட்டிட்டாராம் புரொபசர்.

சுண்டக்கஞ்சி: 2018ல பஜாவ்ங்கிற முக்குளிக்கிற கடல் மக்களைப் பத்தி ஆய்வு வந்துச்சே? பக்கத்து ஊர் சாலுவான் மக்களைவிட அவங்களுக்கு மண்ணீரல் 50 சதவீதம் பெருசு, மூச்சடக்க அது உதவும். கடல்ல முங்காத பஜாவுக்கும் பெருசு. அது மரபணு இல்லாம என்ன?

கேள்விநாயகம்: அது இந்தோனேசியா. அது மண்ணீரல். நான் கேக்குறது கண்பாப்பா!

கரைவலை: மூணு பேர்ல யாராவது கடல்ல கால் நனைச்சதுண்டா? என் தாத்தா தூத்துக்குடியில சங்கு குளிச்சவர். அந்த மோக்கன் பையன் காபாங் படகுல வளர்ந்தவன். வத்தம் வந்தா, அதான் கடல் உள்வாங்கினா, அம்மாவோட பாறையில சிப்பி பொறுக்குவான், அப்பன் ஈட்டி எறியுறதைப் பார்த்தே கத்துக்குவான். 1981ல தீவு தேசியப் பூங்கா ஆச்சு. இப்போ காபாங் செய்யப் பெரிய மரம் வெட்ட முடியாது, கடல் அட்டை எடுத்து விக்க முடியாது. அவன் டூரிஸ்ட் படகுல எடுபிடி வேலைக்குப் போறான். நீங்க ஸ்கேல் வெச்சு அளந்துட்டு இருங்க.

கேள்விநாயகம்: தாத்தா பெருமை வேற இழையில பேசுங்க தம்பி. இங்க 1.96.

கரைவலை: தம்பியா? உங்க வயசு என்ன?

கடல்ராசா: 2004 சுனாமியில மோக்கன் பெரியவங்க லாபூன்ங்கிற ராட்சச அலையைப் பத்தின பழங்கதையை நினைச்சு ஊர் சனத்தை மேட்டுக்கு ஏத்திட்டாங்க. அதுவும் பழக்கமோ?

கேள்விநாயகம்: கதை காதால கேட்டு வந்தது ஐயா, ரத்தத்துல இல்ல. என் பக்கத்துக்கே கோல் போடுறீங்க. போன மாசம் பனங்கள்ளு இழையிலயும் இதே லட்சணம்தான், பாதியில ஓடுனீங்க.

கடல்ராசா: ஓடல. கரண்ட் போச்சு.

கேள்விநாயகம்: அதான், ஆதாரம் கேட்டா உங்க ஏரியாவுல கரண்ட் போயிடும். கண்பாப்பா சுருங்குறது பழக்கம். இன்னும் நூறு தடவை சொல்லுவேன்.

சுண்டக்கஞ்சி: மண்ணீரலுக்குப் பதில் இன்னும் வரல.

கரைவலை: வயசு கேட்டேன், அதுக்கும் வரல.