சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பனியில்: நண்பனின் ஸ்டார்ட்அப்பில் சேர்ந்து காசும் போடலாமா?

கேட்பவர்: கல்லடிப்பாலம்31

வணக்கம். கணக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

வயது 31. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு, கல்லடியில் வீட்டிலிருந்தே சொஃப்ட்வெயார் வேலை. வாடிக்கையாளர்கள் எல்லாம் வெளிநாடு. மொத்தச் சம்பளம் 260,000 ரூபா. சேர்ந்து 4 வருடமும் 8 மாதமும். வீட்டுச் செலவு மாதம் 110,000. நிரந்தர வைப்பில் 32 இலட்சம், ஒரே வங்கியில். கடன் இல்லை. அப்பாவுக்குப் படுவான்கரையில் 6 ஏக்கர் வயல்.

கல்முனையில் நண்பன் ஒருவன் நெல் வெட்டும் மெசின்களை வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் செயலி நடத்துகிறான். விவசாயி புக் பண்ணினால் மெசின்காரரிடமிருந்து கொமிஷன். என்னை வரச் சொல்கிறான். சம்பளம் 130,000, அதோடு 3% பங்கு, 4 வருடத்தில் பகுதி பகுதியாக. 15 இலட்சம் போட்டால் இன்னும் 5%. அந்தக் காசும் சேர்ந்தால் கம்பனி கையில் 30 இலட்சம் இருக்கும். என் சம்பளமும் சேர்த்து மாதச் செலவு 5.5 இலட்சம். நவம்பர் 1 சேர வேண்டுமாம்.

வேலை பிடித்திருக்கிறது, அவனையும் நம்புகிறேன். எவ்வளவு ஆபத்துவரைக்கும் போகலாம் என்பதுதான் பிடிபடவில்லை.

பதில்: பற்றுவரவு

தம்பி, 15 இலட்சம் போடலாமா என்று கேட்கிறீர்கள். அந்தக் காசைத் தொடாமலே நீங்கள் அங்கே முதலிடப் போகிறீர்கள். முதலில் அதைக் கணக்கிடுவோம்.

சம்பளத்தில் மாதம் 130,000 குறைகிறது, வருடத்துக்கு 1,560,000. அந்தக் குறைந்த தொகைக்கு முதலாளி கட்டும் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் போகும். முழுச் சம்பளத்துக்கும் கட்டுகிறார்கள் என்றால் அது மாதம் 19,500, வருடத்துக்கு 234,000. மறுபக்கம், 2025 ஏப்ரலிலிருந்து உள்ள விகிதப்படி 260,000க்கு மாதம் ஏறத்தாழ 9,800 வருமான வரி. 130,000க்கு வரி இல்லை, ஆக வருடத்துக்கு 117,600 மிச்சம். கழித்துப் பார்த்தால் வருடத்துக்கு 1,676,400 ரூபாவை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

இப்போது அவர் சொன்ன விலையை எடுங்கள். 15 இலட்சத்துக்கு 5% என்றால் கம்பனியின் பெறுமதி 3 கோடி. அந்த விலையில் 3% என்பது 9 இலட்சம். நான்கு வருடத்தில் பிரித்துத் தந்தால் வருடத்துக்கு 2.25 இலட்சப் பங்கு. அதற்கு 16.8 இலட்சம் கொடுக்கிறீர்கள். நண்பர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் அவரும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். ஆனால் பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது, ஒன்று விழுந்தால் மற்றதும் சேர்ந்து விழுமா என்ற கேள்வி. அங்கே சேர்ந்து காசும் போட்டால் உங்கள் சம்பளம், பங்கு, 15 இலட்சம், அப்பாவின் வயல் நான்கும் நெல்லில்தான் நிற்கும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், 2021/22 பெரும்போக விளைச்சல் விழுந்தது. அந்த அறுவடை முடிந்த கையோடு 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கி, மே மாதம் 360ஐத் தொட்டது. அப்படி ஒரு வருடம் திரும்ப வந்தால், வெளிநாட்டு வாடிக்கையாளரை நம்பிய இன்றைய வேலைதான் உங்கள் வீட்டில் நெல்லோடு சேர்ந்து விழாத ஒரே வருமானம். அதை விடுவதன் விலை சம்பளப் பட்டியலில் தெரியாது.

அளவு: வேலை நின்றால் 12 மாதச் செலவு 13.2 இலட்சம். அதைத் தனியாக ஒதுக்குங்கள், தொடக்கூடாது. ஸ்டார்ட்அப் வகை முதலீடு எல்லாம் சேர்த்து மொத்தச் சேமிப்பில் 10 வீதத்துக்குள், அதாவது 3.2 இலட்சத்துக்குள் நிற்கட்டும். 15 இலட்சம் என்பது 47 வீதம். பத்துக் கம்பனியில் சமமாகப் போட்டு ஒன்று மட்டும் பத்து மடங்கு தந்து மற்றவை பூச்சியமானால், போட்ட காசுதான் திரும்பி வரும், இலாபம் ஒன்றுமில்லை. நீங்களோ ஒரே ஒரு கம்பனியில் போடப் போகிறீர்கள்.

இன்னொன்று. வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். 32 இலட்சத்தை ஒரே இடத்தில் வைக்காமல், வட்டி சேர்ந்தும் 11ஐத் தாண்டாதபடி பிரியுங்கள். ஒரு பகுதியை 91 அல்லது 182 நாள் திறைசேரி உண்டியலில் (அரசாங்கத்துக்குக் கொடுக்கும் குறுங்காலக் கடன்) போடலாம்.

பதில்: படிவம்_ஆறு

பங்கு என்று சொல்வதும் பங்கு கையில் இருப்பதும் வேறு வேறு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி புதிய பங்கு வழங்கினால் 20 வேலைநாளுக்குள் அதை அறிவிக்கும் படிவம் 6 கம்பனிகள் பதிவாளருக்குப் போக வேண்டும், பங்குப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற வேண்டும். இரண்டும் இல்லாமல் “உனக்கு 3% இருக்கு” என்று நண்பர் கையெழுத்திட்டுத் தந்தால் அது அவருடைய சொந்த வாக்குறுதி, அவ்வளவுதான். காசு போகும் வங்கிக் கணக்கின் பெயரையும் பாருங்கள். கம்பனி பெயருக்குப் போனால் புதிய பங்குக்கான காசு, கம்பனியின் வேலைக்கு உதவும். நண்பரின் சொந்தக் கணக்குக்குப் போனால் அவர் தன் பங்கை விற்கிறார். இரண்டும் சட்டப்படி செய்யக்கூடியவைதான், ஆனால் எது நடக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: கூட்டிணைப்புச் சான்றிதழ், அமைப்பு விதிகள், கடைசி வருடாந்த அறிக்கை, இன்றைக்கு யாருக்கு எத்தனை பங்கு என்ற பட்டியல். புதிய பங்கு வழங்கும்போது இருக்கிற பங்காளருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அமைப்பு விதிகளில் அதை மாற்றி எழுதலாம். எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். பெரிய முடிவுகளுக்குத் தேவையான விசேட தீர்மானத்துக்கு 75 வீத வாக்குப் போதும். உங்கள் 8 வீதத்தால் எதையும் தடுக்க முடியாது. அதனால் தகவல் பெறும் உரிமை, அடுத்த சுற்றில் (கம்பனி புதிய பங்கு விற்றுக் காசு திரட்டும்போது) சேரும் உரிமை, நிறுவுநர் விற்றால் நீங்களும் அதே விலைக்கு விற்கும் உரிமை இவையெல்லாம் பங்காளர் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். 11ஆம் மாதத்தில் வேலையால் நிறுத்தினால் 3 வீதத்துக்கு என்ன நடக்கும் என்பதும்.

கம்பனி வெற்றி பெற்றாலும் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 5% வாங்குகிறீர்கள். அடுத்த சுற்றில் 20% விற்றால் அது 4%. ஊழியர் பங்குக்கு 10% ஒதுக்கினால் 3.6%. கடைசிச் சுற்றில் ஒருவர் 4 கோடி போட்டு 20% எடுத்தால் 2.88%. அவருடையது முன்னுரிமைப் பங்கு: போட்டதை முதலில் எடுப்பார், அல்லது தன் வீதத்தை எடுப்பார், எது கூடவோ அது. ஆறாம் வருடம் கம்பனி 10 கோடிக்கு விலைபோகிறது என்று வையுங்கள். 20% என்றால் அவருக்கு 2 கோடிதான், ஆகவே 4 கோடியை எடுத்துக்கொள்வார். மிச்சம் 6 கோடி மற்ற 80 வீதத்துக்கும் பிரியும். உங்கள் பங்கு 21.6 இலட்சம். அதே 15 இலட்சம் 8 வீதக் கூட்டு வட்டியில் ஆறு வருடம் கிடந்தால், வரிக்கு முன் 23.8 இலட்சம். பத்துக் கோடிக்கு விற்ற கம்பனியில் இருந்தும் வைப்பை விடக் குறைவு. நுழையும் விலையும் முன்னுரிமைப் பங்கும் செய்கிற வேலை இது.

கடைசியாக, மெசின் லீசிங்குக்கோ வங்கிக் கடனுக்கோ பிணைக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பங்கில் போட்ட காசோடு நட்டம் முடிந்துவிடும். பிணை அப்படியல்ல, வீடு வரைக்கும் வரும்.

பதில்: சிறுபோகம்

மேலே உள்ளவர்கள் கடதாசியைச் சொன்னார்கள், நான் வட்டையை, அதாவது வயல்வெளியைச் சொல்கிறேன்.

30 இலட்சத்தை 5.5ஆல் பிரித்தால் ஐந்தரை மாதம் கூட இல்லை. நவம்பர் 1 தொடங்கினால் சரியாகச் சித்திரை வருடப்பிறப்போடு காசு முடிகிறது. இந்த வியாபாரத்துக்கு வருமானம் வருவது இரண்டு காலம்தான்: பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச், சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பர். ஆகவே பெரும்போகம் பிழைத்தால் ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் வரை சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். 2024 நவம்பர் வெள்ளம் அம்பாறை, மட்டக்களப்பு வயல்களுக்கு என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

கொமிஷன் ஏக்கருக்கு 600 ரூபா என்று வைத்தாலும், வருடச் செலவு 66 இலட்சத்துக்கு 11,000 ஏக்கர் வெட்ட வேண்டும். ஒரு மெசின் நாளுக்கு 10 ஏக்கர் வெட்டினால் 1,100 நாள் வேலை, அதையும் அந்த நான்கு மாதத்துக்குள் அடக்க வேண்டும். எத்தனை மெசின் பதிவில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், போன போகத்தில் எத்தனை மெசின் உண்மையாக வந்து வெட்டியது என்று கேளுங்கள். வயல் ஈரமாகக் கிடந்தால் டயர் மெசின் புதையும், செயின் மெசின்தான் இறங்கும். பதிவில் உள்ளதில் செயின் எத்தனை? மழை பிந்தி நிற்கிற வருடத்தில் அதுதான் முழுக் கதையும்.

பெரிய ஓட்டை இன்னொன்று. முதல் வெட்டிலேயே விவசாயியும் மெசின்காரரும் தொலைபேசி இலக்கத்தை மாற்றிக்கொள்வார்கள். அடுத்த போகம் நேரே கதைத்துவிடுவார்கள், செயலி தேவைப்படாது. போன பெரும்போகத்தில் புக் பண்ணியவர்களில் எத்தனை பேர் இந்தப் பெரும்போகமும் செயலியூடாக வருகிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய எண். பெரும்போகத்தைச் சிறுபோகத்தோடு ஒப்பிட வேண்டாம், தண்ணீர் குறைந்து செய்கைப் பரப்பே சுருங்கும். மாதத்துக்கு மாதம் காட்டும் வரைபடத்தை நம்பவே வேண்டாம். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்கு எந்தக் கம்பனியும் ஏறித்தான் தெரியும்.

கல்லடிப்பாலம்31

எல்லோருக்கும் மிக்க நன்றி. 16.8 இலட்சக் கணக்கு எனக்குத் தோன்றவேயில்லை. வேலையை இப்போது விடாமல் வேறு வழி இருக்கிறதா?

பதில்: ஒலுவில்_அக்கா

இருக்கிறது தம்பி. விடக்கூடாது என்பதற்கு ஒருவரும் தொடாத ஒரு காரணமும் இருக்கிறது. 4 வருடம் 8 மாதம் என்றீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது கூட வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியானால், பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். 260,000 முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றால் 650,000 ரூபா. அடிப்படை 200,000, மிச்சம் வேறு கொடுப்பனவு என்றால் 500,000. நவம்பர் 1 போனால் ஒரு சதமும் இல்லை. நியமனக் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். இராஜினாமாக் கடிதத்தில் கடைசி வேலைநாள் 5 வருடம் முடிந்த பிறகு விழும்படி, முன்னறிவித்தல் மாதத்தைப் பின்னுக்கு எண்ணி எழுதுங்கள்.

உங்களுக்கு 5 வருடம் முடிவது பெப்ரவரியில், மெசின்கள் வட்டைக்குள் இறங்குகிற மாதம். நான்கு மாதம் பொறுத்தால் பணிக்கொடையும் கைக்கு வரும், மேலே ‘சிறுபோகம்’ என்ற பெயரில் எழுதியவர் கேட்ட எண்களும் கண்முன்னே தெரியும்.

அதுவரை வார இறுதியில் உதவலாம், ஆனால் முதலில் இப்போதைய ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றிய வாசகத்தை வாசியுங்கள். நீங்கள் எழுதும் நிரல் எல்லாம் முதலாளிக்கே என்று அதில் இருந்தால், எழுத்தில் அனுமதி பெறாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். அது நண்பரின் கம்பனிக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. அனுமதி கிடைக்காவிட்டால் ஆலோசனையோடு நில்லுங்கள்.

நண்பருக்கு இப்படி எழுதலாம்: “மச்சான், பெப்ரவரி முடியுமட்டும் இங்க விட ஏலாது, பணிக்கொடை இருக்கு. மார்ச்ல வாறதெண்டா 130க்கு 3 வீதம் எனக்குக் கட்டாது. ஒண்டில் சம்பளத்த 190க்கு ஏத்து, இல்லாட்டி பங்க ஏத்து. 15 போட ஏலாது. பெரும்போகக் கணக்கப் பாத்திட்டு 3 போடுறன், அதையும் ரெண்டாப் பிரிச்சு.” மனவருத்தப்படுவார் என்று பயப்படாதீர்கள். இப்போது சொன்னால் ஒரு கிழமை வருத்தம். சம்பளம் நின்ற ஜூன் மாதத்தில் கதைப்பது அதைவிடக் கஷ்டம்.

சேர்ந்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள்: ஈ.பி.எஃப் காசு ஒவ்வொரு மாதமும் கட்டப்படுகிறதா. காசு இறுகும் கம்பனி முதலில் தள்ளிப்போடுவது பெரும்பாலும் அதைத்தான். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம். பணிப்பாளராகக் கையெழுத்திடச் சொன்னால் அந்தப் பொறுப்பும் உங்கள் பக்கம் வரும். ஆகவே பணிப்பாளர் பதவியை இப்போதைக்கு எடுக்காதீர்கள்.

பெப்ரவரி கடைசிக் கிழமை நண்பர் காட்டுகிற எக்செல் கோப்பை இங்கே போடுங்கள், விவசாயிகளின் பெயர், இலக்கம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு. சேர்ந்து பார்ப்போம்.