கடலோர விடுமுறை வீட்டை விற்கப் போனபோது: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நெய்தல்:
வீட்டை விற்பனைக்கு வைத்துப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. விலையை மூன்று முறை இறக்கியாயிற்று. இங்கே பலருக்கும் இது தெரிந்த கதைதான் என்பதால், என் மனத்தை விட்டு அகலாத அந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் எழுதுகிறேன். பார்க்க வந்த தம்பதியரில் மனைவி கடலைப் பார்த்து நின்றார். கணவரோ கடல் பக்கம் திரும்பவே இல்லை. பால்கனிக் கூரையின் அடிப்பகுதியைச் சாவிக்கொத்தின் முனையால் தட்டிக்கொண்டே நடந்தார். 'டக், டக்' என்று வந்துகொண்டிருந்த ஒலி மூன்றாவது தூணுக்கு மேலே 'டொப்' என்று மாறியது. மறுபடியும் ஒருமுறை தட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கான்கிரீட் பத்தை பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. அதன் உட்புறத்தில் கம்பியின் முறுக்கு வரிகள் செம்பழுப்பு நிறத்தில் அச்செடுத்தாற்போல் பதிந்திருந்தன. அவர் குனிந்து அந்தத் துண்டை எடுத்து, கைப்பிடிச் சுவரின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, "பெயிண்ட் புதிதாக அடித்திருக்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நான் பார்த்தேன். பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் நான்தான். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை; ஆனாலும் அவர் அந்தச் சொற்களைச் சொன்ன நொடியில் எனக்குப் பதில் வரவில்லை. அவர்கள் மீண்டும் அழைக்கவில்லை.

வடகரை:
எங்களுக்கு நேர்ந்தது வேறு. 2021-இல், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்ற நிலை வந்து எல்லோரும் கடற்கரையைத் தேடி ஓடிய நேரத்தில், அண்ணனும் நானும் சேர்ந்து கடன் வாங்கி ஒரு வீடு வாங்கினோம். கடனை வேறு வங்கிக்கு மாற்றலாம் என்று சென்ற ஆண்டு விண்ணப்பித்தபோது மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். நாங்கள் வாங்கியபோது வெளிவந்த விளம்பரப் படத்தை அவர் கையில் வைத்திருந்தார். சுற்றுச்சுவருக்கு அப்பால் மணலில் ஒரு மரப் பெஞ்சும், அதற்கும் வெகு தொலைவில் அலையும் அந்தப் படத்தில் இருந்தன. "இந்தப் பெஞ்சு இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் அப்போது ஓர் அலை வந்து உடைந்தது. மதிப்பீட்டாளர் சுவரிலிருந்து ஈரமணல் வரை காலடி வைத்து எண்ணிக்கொண்டு போய், திரும்பும்போதும் எண்ணிக்கொண்டே வந்தார். கூட்டிக் கழித்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை, பதினொன்றுதான்.

எங்களுக்கு வடக்கிலோ தெற்கிலோ எங்கோ தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு) கட்டினால் எங்கள் கரைக்கு வர வேண்டிய மணல் அங்கேயே தங்கிவிடும் என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. கரையையொட்டி மணல் ஓர் ஆற்றைப் போல நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் அதை மறித்தால் அடுத்த இடம் காய்ந்துபோகும். வாங்கும்போது வீட்டுக்குள் எத்தனையோ கேள்விகள் கேட்ட நாங்கள், கரையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அமெரிக்காவின் வடக்குக் கரோலைனா மாநிலத்தில் ரொடாந்தி, பக்ஸ்டன் ஆகிய ஊர்களில் 2020-க்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட கடலோர வீடுகள் அப்படியே அலைக்குள் சரிந்தன. அந்தக் காணொளிகளை அண்ணன் இரவில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். பார்க்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கணக்கர்:
நெய்தல் அவர்களே, உங்கள் வருத்தம் புரிகிறது; ஆனால் ஒரு கான்கிரீட் பத்தையால் விலை இறங்கியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வடகரை சொல்லும் கடலரிப்பும் எல்லாக் கரைக்கும் பொருந்தாது. அரிப்பே இல்லாத, பாறைக் கரை மேல் நிற்கும் வீடுகளின் விலையும் இறங்கித்தான் இருக்கிறது. விடுமுறை வீடு என்பது யாருக்கும் கட்டாயத் தேவை அன்று. பணம் இறுகும்போது முதலில் கைவிடப்படுவது அதுதான். அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் வட்டி 2021-இல் 3 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. 2022 அக்டோபரில் அது 7-ஐத் தாண்டியது. குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வட்டியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவார்கள், ஆண்டுக்கு ஆறு வாரம் தங்கும் வீட்டுக்கு எவர் கட்டுவார்?

அதோடு வரியும் சேர்ந்தது. உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு கிடைக்காமல் போகிறது என்ற நியாயமான குறையைத் தீர்ப்பதற்காக, பிரிட்டனின் வேல்ஸில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளின் மீது, வழக்கமான உள்ளாட்சி வரிக்கு மேல் 300 விழுக்காடு வரை கூடுதல் வரி போட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரப்பட்டது. குவினெத் என்ற கடலோர மாவட்டம் 150 விழுக்காடு போட்டது. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் 100 விழுக்காடு வரை போடலாம். இப்படி ஒரு சட்டம் வந்ததும் பலர் ஒரே பருவத்தில் விற்க வருகிறார்கள், வாங்குபவரோ காத்திருக்கிறார்.

என் அனுபவம் சிறியது. எங்கள் தெருவில் ஒரே வெள்ளிக்கிழமையில் நான்கு வீடுகளின் வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். நான்காவது பலகையை நட்டுவிட்டு, அந்த ஆள் என் வீட்டு வாசலையும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தளம்:
கணக்கர் ஐயா சொல்வதை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. வட்டி இறங்கினால் விலை ஏறும். உப்பு தின்ற கம்பி திரும்பி வளராது. நான் கட்டடப் பழுதுபார்ப்பில் இருப்பவன். கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தப் படலத்தைக் குலைக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் தாங்காமல் கான்கிரீட் பத்தையாகக் கழன்றுவிடும். ஆகவே, நெய்தல், நீங்கள் பட்டி பூசியது நோயை மூடியதே தவிர வளர்த்ததன்று. விரிசல் கண்ணுக்குத் தெரிந்தபோதே கம்பி துருவேறிவிட்டது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விலையில் இப்போது வாங்க நினைப்பவர்களும் இதைப் படிப்பார்கள். விலை இறங்கியிருப்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். சன்ஷேடு, பால்கனி, மாடிப்படியின் அடிப்பக்கம் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். குளோரைடு எந்த ஆழம் வரை போயிருக்கிறது என்று சோதிக்க ஆள் வையுங்கள். கிணற்று நீரைக் கோடையின் முடிவில் வாயில் விட்டுப் பாருங்கள். கடலோர நிலத்தில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது பழைய கணக்கு. மேலே ஒரு முழம் வற்றும்படி மோட்டார் போட்டு இறைத்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காப்பீட்டுக்கான தவணையை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். காப்பீடு கிடைக்காத வீட்டுக்குக் கடன் கிடைப்பதும் கடினம், கடன் கிடைக்காத வீட்டை நாளை நீங்கள் விற்பதும் கடினம். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் பராமரிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே அந்த மாநிலம் பழைய கட்டடங்களுக்குப் பரிசோதனையையும் சீரமைப்பு நிதியையும் கட்டாயமாக்கியது. பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட செலவு மொத்தமாக உரிமையாளர்களின் தலையில் இறங்கியது. அங்கே பழைய கடலோர அடுக்ககங்களின் விலை சரிந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

என் கதை இரண்டே வரிதான். ஒரு முதியவரின் வீட்டில் தூணைக் கொத்திக் காட்டினேன். அவர் துருவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை என் மகனிடம் சொல்லாதீர்கள், அவன் பெயருக்கு எழுதிவிட்டேன்" என்றார். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை.

நெய்தல்:
தளம் அவர்களுக்கு நன்றி. கணக்கர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் என் வீட்டுக்கு வந்தவர் வட்டியைப் பற்றிப் பேசவில்லை. நேற்று நான்காவது முறையாக விலையை இறக்கினேன். இம்முறை விளம்பரத்தில் கடலின் படத்தோடு அந்த மூன்றாவது தூணின் படத்தையும் போட்டிருக்கிறேன். பத்தை இன்னும் கைப்பிடிச் சுவரின் மேல், அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது.