புதுப்பிப்பு: அத்தையின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: அத்தைக்கு 58 வயது, மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்து ரத்தப்போக்கு. சுரண்டி எடுத்த பயாப்ஸி நார்மல். எம்ஆர்ஐயில் மட்டும் கருப்பைச் சுவருக்குள் சந்தேகமான கட்டி. எதை நம்புவது?

எம்ஆர்ஐயைத்தான் நம்பியிருக்க வேண்டும். கருப்பை, குழாய்கள், சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. கருப்பையின் உள்வரித் திசு தசைச் சுவருக்குள் போய் வளர்வதை அடினோமயோசிஸ் என்கிறார்கள்; அதிலிருந்தே கிளம்பிய புற்றுநோயாம். மிக அரிது.

பயாப்ஸி பொய் சொல்லவில்லை. அது உள்வரியை மட்டும்தான் சுரண்டும். நோய் இருந்தது தசைக்குள். நோயியல் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு பேரிக்காய் வரைந்து, தோலுக்கும் நடுக்குழிக்கும் இடையில் பேனாவால் புள்ளி வைத்தார். "சுரண்டினது இங்கம்மா, வியாதி அங்க." அத்தை அந்தச் சீட்டை மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இதை உறுதி செய்ய 1959-இல் கோல்மன், ரோசன்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் சொன்ன விதிகளைத்தான் இன்றும் பார்க்கிறார்களாம். உள்வரியிலோ இடுப்புக்குள் வேறெங்குமோ புற்று இருக்கக் கூடாது. அடினோமயோசிஸ் சுரப்பியிலிருந்தே அது கிளம்புவது தெரிய வேண்டும். சுற்றிலும் உள்வரியின் ஸ்ட்ரோமா (சுரப்பிகளைத் தாங்கும் திசு) செல்கள் இருக்க வேண்டும். அதற்காகக் கூடுதல் துண்டுகள் வெட்டிப் பார்த்ததில் ரிப்போர்ட் பத்து நாள் தள்ளிப்போனது. அப்போது நான் லேப்பில் கத்தியது நினைத்தால் வெட்கம்.

நிணநீர்க் கணுக்களில் பரவல் இல்லை. கதிர்வீச்சு வேண்டுமா என்று செவ்வாய்க்கிழமை சொல்வார்கள். அப்புறம், அத்தை நேற்றே ரசம் சாதம் கேட்டுவிட்டார்.