ஆமை ஓட்டில் வெள்ளைத் திட்டு: உப்புத் தண்ணீரா, களிம்பா?

நாலு வயசு ரெட் இயர்டு ஸ்லைடர் வகை ஆமை. ஒரு வாரமாக ஓட்டின் ஓரத்தில் பஞ்சு ஒட்டினது போல வெள்ளைத் திட்டு. விரல் வைத்தால் லேசாக அமுங்குகிறது. சாப்பாட்டில் குறையில்லை, விளக்கடியிலும் ஏறி உட்காருகிறது. தண்ணீர் 26 டிகிரி.

நன்னீர் ஆமை, அதனால் தொட்டியிலேயே உப்புப் போட மனசு வரவில்லை. தனி வாளியில் அயோடின் சேர்க்காத உப்பைக் கரைத்துக் கொஞ்ச நேரம் விடலாமா? லிட்டருக்கு எத்தனை கிராம், எத்தனை நிமிடம்? இல்லை, நீர்த்த போவிடோன் அயோடினால் துடைத்து, ஈரம் காய்ந்ததும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு போடுவதுதான் நல்லதா?

தயவுசெய்து ஐவர்மெக்டின் (ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்து) மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அது ஆமையின் உயிரையே எடுத்துவிடும். ஊர்வன பார்க்கும் மருத்துவர் வியாழக்கிழமைதான் வரச் சொன்னார். அதுவரை என்ன செய்யலாம்? இதே திட்டைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.