சிங்கப்பூரில் பெரிய சைஸ் துணியை ஆன்லைனில் வாங்க: முதலில் இஞ்சு டேப், பிறகுதான் ஆப்

புதிதாக வந்திருக்கும் அக்கா தங்கைகள் பலர் கேட்பது இது: "ஊரில் எக்ஸ்எல் போடுவேன், இங்கே 3எக்ஸ்எல் வாங்கினாலும் கை நுழைய மாட்டேன் என்கிறது. எந்த சைஸ் போட்டு ஆர்டர் பண்ணுவது?" உங்கள் உடம்பு விமானத்தில் ஏறி இறங்கியதில் பெருத்துவிடவில்லை. ஷாப்பி, லசாடா போன்ற ஆன்லைன் கடைகளில் நாம் பார்க்கும் துணிகளில் நிறைய சீனாவிலிருந்து வருபவை. அவற்றின் தோளும் கையும் ஒடுக்கமாகவே வெட்டப்பட்டிருக்கும். எக்ஸ்எல், 3எக்ஸ்எல் என்ற எழுத்துகளுக்குப் பொதுவான அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு கடையின் 3எக்ஸ்எல் மார்பில் 108 செ.மீ. இருக்கும், பக்கத்துக் கடையில் 122 இருக்கும். ஆகவே எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள்.

ஊரில் இந்தக் கவலை நமக்கு இருந்ததில்லை, ஏனென்றால் தையல்காரர் இருந்தார். ஓர் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். இங்கே ரெடிமேட் வாங்கும்போது அந்த வேலை நம் கைக்கு வருகிறது. கொஞ்ச நேரம் ஒதுக்கினால் யாரும் செய்துவிடலாம்.

துணியாலான இஞ்சு டேப் ஒன்று வேண்டும். டைசோ, முஸ்தபா கடைகளில் கிடைக்கும். ஒரு பக்கம் செ.மீ., மறுபக்கம் இஞ்சு இருப்பதாக வாங்குங்கள். நம் ஊர்த் தையல்காரர்கள் இஞ்சில் பேசுவார்கள், இங்கே கடைகள் பெரும்பாலும் செ.மீ.யில் போடுகின்றன, ஓர் இஞ்சு 2.54 செ.மீ. பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கலாம், ஓர் இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகப் போடும் உள்ளாடையோடு, மெல்லிய துணியில், கண்ணாடி முன் நில்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், வயிற்றை உள்ளிழுக்கவும் வேண்டாம். உள்ளிழுத்து எடுத்த அளவுக்கு வாங்கிய துணியை உள்ளிழுத்துக்கொண்டேதான் போட முடியும். டேப் முதுகுப் பக்கம் கீழே சரியாமல் சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மார்பு மிக எடுப்பாக இருக்கும் இடத்தில், கைகளைத் தொங்கவிட்டு எடுங்கள். இடுப்பு எங்கே என்று குழப்பமாக இருந்தால் பக்கவாட்டில் வளையுங்கள், மடிப்பு விழும் இடம்தான் அது. அப்புறம் வயிறு. தொப்புளுக்குக் கீழே வயிறு முன்தள்ளி இருப்பவர்கள் அந்த இடத்தைத் தனியாக அளக்க வேண்டும், சைஸ் அட்டவணைகள் இதைக் கேட்பதே இல்லை. கடைசியாக சீட், பாதங்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கம் மிகப் பருத்த இடத்தில். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பையும் சீட்டையும் இன்னொரு முறை எடுங்கள். உட்கார்ந்தால் உடம்பு விரியும். ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு நின்று எடுத்த அளவை விட இந்த அளவுதான் உதவும்.

பலரும் விட்டுவிடுவது மேல்கை. குர்த்தியோ சட்டையோ, பெரிய உடம்புக்கு முதலில் பிடிப்பது அங்கேதான். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, பருத்த இடத்தில் சுற்றி எடுங்கள். பேண்ட் வாங்குபவர்கள் தொடையையும், முன் இடுப்பிலிருந்து கால்களுக்கு நடுவே பின் இடுப்பு வரை உள்ள நீளத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது பேண்ட் பின்னால் இறங்குவது பெரும்பாலும் இந்த நீளம் போதாமல்தான், ஆனால் நாம் இடுப்பு லூஸ் என்று நினைத்து இன்னும் சின்னதாக வாங்கிவிடுகிறோம்.

இனி துணியின் அளவு. கடைக்காரர் போட்டிருக்கும் எண் உடம்புக்கா, துணிக்கா என்று முதலில் பாருங்கள். மார்பு 56 செ.மீ. என்று போட்டிருந்தால் அது துணியை விரித்துவைத்து அக்குளிலிருந்து அக்குள் வரை எடுத்தது, இரட்டித்தால் 112. ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் மார்பு 112, மேல்கை 40 என்று வைத்துக்கொள்வோம். இழுபடாத ரேயான் குர்த்தி ஒன்று மார்பில் 114, கைச்சுற்றில் 40. எண்களின்படி பொருந்துகிறது, போட்டால் கையை மடக்க முடியாது. இழுபடாத துணிக்கு மார்பில் 6 முதல் 10 செ.மீ. வரையும், கையில் 3 அல்லது 4 செ.மீ.யும் லூஸ் வேண்டும். எலாஸ்டேன் கலந்த இழுபடும் துணி என்றால் உடம்பளவே போதும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்து போவதற்குள் பாலியெஸ்டர் முதுகோடு ஒட்டிவிடும், அதற்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பாருங்கள். பருத்தியும் ரேயானும் முதல் துவைப்பில் சுருங்கக்கூடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பக்கவாட்டில் ஓப்பன் உள்ள குர்த்தி என்றால், ஓப்பன் சீட்டுக்கு மேலேயே தொடங்கினால் சீட் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஓப்பன் இல்லாத கவுனுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நான் எல்லாருக்கும் சொல்லும் வழி ஒன்று உண்டு: அளவு ஜாக்கெட்டைப் போல ஓர் அளவு குர்த்தியும் ஓர் அளவு பேண்டும் வைத்துக்கொள்வது. உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்துவதைத் தரையில் விரித்து, அக்குள், வயிறு, கைச்சுற்று, தோள், நீளம் எல்லாவற்றையும் அளந்து போனில் குறித்துவையுங்கள். கடையில் போட்டிருக்கும் அளவை அதோடு ஒப்பிட்டால் லூஸ் கணக்கே தேவைப்படாது. துணி வகை மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், பனியன் துணியை அளந்து காட்டன் சட்டை வாங்காதீர்கள். இன்னும் ஊரில் இருப்பவர்கள், பெட்டியில் இப்படி ஒரு செட்டை மறக்காமல் வைத்துவிடுங்கள்.

சீனக் கடைகள் சில, எடையை வைத்து சைஸ் சொல்லும். 160 என்று பார்த்துப் பதற வேண்டாம், அது ஜின் என்ற சீன எடைக் கணக்காக இருக்கலாம்; ஒரு ஜின் அரை கிலோ, ஆக 80 கிலோ. ஆனாலும் எடையை நம்பி வாங்காதீர்கள். ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்கு மார்பும் கையும் பெரிதாக இருக்கும், மற்றவருக்குச் சீட்டும் தொடையும். வாங்கியவர்கள் போடும் படங்கள் எடையை விடப் பயன்படும், அதிலும் உயரத்தையும் சைஸையும் சேர்த்துச் சொல்லியிருந்தால். அமெரிக்கத் தளங்களில் 18டபிள்யூ என்று இருப்பது வெறும் 18 ஆகாது, டபிள்யூ போட்டது பருத்த உடம்புக்கென்றே கையும் இடுப்பும் தாராளமாக வெட்டப்படுவது.

பிராவுக்கு இஞ்சே வசதி. மார்புக்குக் கீழே டேப்பைச் சற்று இறுக்கமாகச் சுற்றி எடுங்கள், பிறகு மார்பை. வித்தியாசம் ஓர் இஞ்சு என்றால் ஏ கப், இரண்டு பி, மூன்று சி, நான்கு டி, ஐந்து டிடி. கீழே 38, மார்பு 43 என்றால் பிரிட்டிஷ் கணக்கில் 38டிடி. மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டை இறுக்கினால் 40டி எடுங்கள், கப்பின் கொள்ளளவு மாறாது. தோள்பட்டையில் தழும்பு விழும் அளவுக்கு அவதிப்படும் பெண்கள் நம்மில் நிறையப் பேர். பெரும்பாலும் பட்டை லூஸாகவும் கப் சின்னதாகவும் இருப்பதால்தான் அது. தயவுசெய்து அளந்து பாருங்கள்.

அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வரி: பேண்டை வயிற்றுக்குக் கீழே கட்டுபவர்கள் அங்கேயே அளக்க வேண்டும், தொப்புளில் அல்ல. பேண்ட்டில் 38 என்று போட்டிருந்தாலும் டேப்பில் 40 வரும் பிராண்டுகள் உண்டு.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதையே எடுங்கள். லிட்டில் இந்தியாவில் தேக்கா சென்டர் மாடியில் துணிக்கடைகளுக்கு நடுவே தையல்காரர்கள் இருக்கிறார்கள், பிடித்துக் கொடுப்பது அவர்களுக்குச் சின்ன வேலை. ஆனால் சின்னதைப் பிரித்துப் பெரிதாக்க, தையலுக்கு உள்ளே மிச்சத் துணி வேண்டும். ஊர் ரெடிமேட் குர்த்திகளில் சில சமயம் இருக்கும், ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்த மலிவுத் துணிகளில் இருக்காது. தீபாவளி நெருங்கினால் அவர்களிடம் வேலை குவிந்துவிடும், முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வந்த துணியைப் போட்டதும் கையைத் தூக்கிப் பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், அதுவரை டேக்கை வெட்ட வேண்டாம். வெளிநாட்டுக் கடை என்றால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை ஆர்டர் போடும் முன்பே படித்துவிடுங்கள்.