ஒரே டோக்கன் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதா?

பால்மரத்தான்:
பாடாங் செராயில் நடக்கும் ஞாயிறு பைத்தான் வகுப்பில் ஒருவர், "பைபிஐ-யில் பேக்கேஜ் ஏற்றக் கணக்கு முழுவதற்கும் ஒரே டோக்கன் போதும், பேக்கேஜுக்கு ஒன்று எடுப்பது வெட்டிவேலை" என்று சொல்லியிருக்கிறார். பைபிஐ என்பது பைத்தான் பேக்கேஜ்களை எல்லாரும் எடுத்துக்கொள்ள ஏற்றி வைக்கும் தளம், டோக்கன் என்பது அங்கே பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் ரகசியச் சரம். கேட்டதும் எரிச்சல் தாங்கவில்லை. நாளைக்குக் கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகள். அந்த ஒரு டோக்கன் வெளியே போனால் அந்தக் கணக்கில் உள்ள எல்லாப் பேக்கேஜிலும் எவனும் எதையும் ஏற்றலாம்.

கிராணி வீட்டுப் பேரன்:
சொன்னது நான்தான். ஒளித்து ஒளித்து எழுத வேண்டாம். உங்கள் டோக்கன்களை எல்லாம் எங்கே வைக்கிறீர்கள்? ஹோம் டைரக்டரியில், ஏற்றும் கருவி படிக்கிற பைபிஐஆர்சி ஃபைலில். ஃபைல் எத்தனை? ஒன்று. அது களவு போனால் மொத்தமும் போச்சு. அப்புறம் ஒன்று இருந்தால் என்ன, பத்து இருந்தால் என்ன?

பால்மரத்தான்:
டோக்கன் வெளியே போக ஃபைல் ஒன்றுதான் வழியா? கிட்ஹப்பின் ரகசியப் பெட்டியான சீக்ரெட்டில் போடுகிறோம், ஓட்டப் பதிவான லாகில் அச்சாகிவிடுகிறது, சேர்ந்து வேலை செய்கிறவனுக்கு அனுப்புகிறோம். பேக்கேஜுக்கு ஒன்று என்றால் அங்கே போவது அந்த ஒரு டோக்கன்தான், அதை மட்டும் ரத்து செய்தால் போதும், மற்றப் பேக்கேஜ்கள் பாட்டுக்கு ஓடும்.

எப்படி வைப்பது என்று பிள்ளைகளுக்காகவே எழுதுகிறேன். ஃபைலின் தலையில் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதி, அதில் இன்டெக்ஸ்-சர்வர்ஸ் என்று போட்டு ஒவ்வொரு பேக்கேஜுக்கும் நீங்களே வைத்த பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். குலைநிறுவை, எழுத்துமாற்றி, எதுவானாலும். அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பகுதி. ரெப்பாசிட்டரி முகவரி எல்லாவற்றிலும் ஒன்றுதான். யூசர்நேமும் ஒன்றுதான், டோக்கன் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு. பாஸ்வேர்டு வரி மட்டும் மாறும், அதில் அந்தந்தப் பேக்கேஜின் டோக்கன். பேக்கேஜை ஏற்றும் கருவியான ட்வைனில் அப்லோட் அடிக்கும்போது ரெப்பாசிட்டரி என்ற இடத்தில் அந்தப் பெயரைக் கொடுங்கள். குலைநிறுவை டோக்கனோடு எழுத்துமாற்றியை ஏற்றப் பார்த்தால் 403, அதாவது அனுமதி இல்லை, என்று திருப்பிவிடும். கணக்கு டோக்கன் திருப்புமா?

கிராணி வீட்டுப் பேரன்:
இவ்வளவு எழுதியும் ஃபைல் ஒன்றுதான். அது போகட்டும், புதுப் பேக்கேஜை முதல் தடவை ஏற்ற என்ன டோக்கன் வேண்டும்? பேக்கேஜே இல்லாமல் பேக்கேஜ் டோக்கன் எடுக்க முடியாது, கணக்கு டோக்கன்தான். என் வகுப்பில் இருப்பது எல்லாம் முதல் தடவை ஏற்றுகிற பிள்ளைகள்.

பால்மரத்தான்:
முதல் தடவை ஏற்றியதும் அதை நீக்கிவிட்டுப் பேக்கேஜ் டோக்கன் எடுக்க வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை? அதைத்தான் கேட்கிறேன். ஒத்திகைத் தளமான டெஸ்ட்பைபிஐ-க்கு என்ன செய்கிறீர்கள்? அது தனிக் கணக்கு, தனி டோக்கன். ஒரே டோக்கன் போதும் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

லூனாஸ் தம்பி:
அண்ணே, 2023-லிருந்து டிரஸ்டட் பப்ளிஷிங் இருக்கிறதே. கிட்ஹப்பிலேயே தானாக வேலையை ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸிலிருந்து ஏற்றினால் டோக்கன் எடுத்து வைக்கவே வேண்டாம். உள்ளே தற்காலிகமாகக் கிடைப்பது 15 நிமிடத்தில் காலாவதி. முதல் தடவைக்கும் முன்கூட்டியே பதிந்து வைக்கலாம்.

பால்மரத்தான்:
தம்பி, நல்லதுதான், ஆனால் லேப்டாப்பிலிருந்து ஏற்றுகிறவனைப் பற்றித்தான் பேச்சு. நடுவில் திருப்பாதே லா.

தோட்டத்துப் பொண்ணு:
ஃபைலில் எழுதத்தான் பயமா இருந்தால் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டுப் பெட்டகமான கீரிங்கில் வைக்கலாமே? ட்வைன் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கிராணி வீட்டுப் பேரன்:
தங்கச்சி, கீரிங் முகவரியையும் யூசர்நேமையும் வைத்துத்தான் தேடும். அண்ணன் போட்ட எல்லாப் பகுதியிலும் இரண்டும் ஒன்றுதானே. எந்த டோக்கனை எடுத்துக் கொடுக்கும்? சுற்றிச் சுற்றி அந்த ஒரே ஃபைலுக்குத்தான் வர வேண்டும்.

பால்மரத்தான்:
ஃபைலுக்கு 600 அனுமதி போட்டால் மற்ற யூசர் படிக்க முடியாது. அதுவும் வகுப்பில் சொல்லவில்லை. தீமிதித் திருவிழா வெப்சைட் பாஸ்வேர்டை வாட்சாப் குரூப்பில் போட்டவருக்குப் பாதுகாப்பைப் பற்றி என்ன தெரியும்?

கிராணி வீட்டுப் பேரன்:
அந்த வெப்சைட்டைச் சும்மா செய்து கொடுத்தது நான். நீங்கள் ஒரு வெள்ளி கொடுத்தீர்களா? ஒரு நாள் வந்து நின்றீர்களா?

பால்மரத்தான்:
உங்கள் தாத்தா தோட்டத்துக் கிராணியாக ஆட்களின் வேலைக் கணக்கான செக்ரோல் எழுதின காலத்திலிருந்தே இப்படித்தான், செய்ததைச் சொல்லிச் சொல்லியே லயத்துத் தொழிலாளர்களை வாயடைக்கப் பார்ப்பது. நான் கேட்டது டோக்கனைப் பற்றி.

லூனாஸ் தம்பி:
தாத்தாவை ஏன் இழுக்கிறீர்கள் அண்ணே?

பால்மரத்தான்:
இழுத்தது நானில்லை, பேச்சை மாற்றினது அவர். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு நானே வருகிறேன், பிள்ளைகள் முன்னால் இரண்டு டோக்கன் எடுத்து, ஒன்றை ரத்து செய்து காட்டுகிறேன்.

கிராணி வீட்டுப் பேரன்:
தாராளமாக வாருங்கள், கடைசி வரிசையில் இடம் இருக்கிறது. வரும்போது ஃபைல் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.