தொழிலையும் நாட்டையும் ஒரே நேரத்தில் மாற்றலாமா?

நெடுவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்று, வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி வருகிறேன். வேலை வெறுத்துப்போகவில்லை; ஆனால் அளவீட்டுத் தரவுகளை அலசி, எந்த இயந்திரம் எப்போது பிசகத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கும் பகுதியை மட்டுமே நான் விரும்பிச் செய்கிறேன் என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே தரவுப் பகுப்பாய்வுத் துறைக்கு மாற முடிவெடுத்து, பணி முடிந்த நேரங்களில் பைத்தான் நிரல்மொழியும், தரவுத்தளங்களைக் கையாளும் எஸ்.க்யூ.எல். மொழியும் கற்றுச் சான்றிதழ்கள் பெற்றுள்ளேன். வெளிநாட்டில் பணியாற்றும் எண்ணமும் நெடுநாளாக உண்டு. கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் டேட்டா அனலிஸ்ட் பணிகளுக்கு விண்ணப்பித்தேன். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை.

இம்மூன்றில் துறை மாறுபவருக்கு ஏற்ற நாடு எது? முதலில் இருக்கும் இடத்திலேயே துறை மாறிவிட்டுப் பிறகு கிளம்புவதா, பழைய தொழிலிலேயே சென்று அங்கே மாறிக்கொள்வதா? கனடாவில் வேலைக் கடிதம் (வேலை தருவதாக முதலாளி எழுதிக் கொடுப்பது) வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் முகவர் ஒருவரும் தொடர்பில் இருக்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கயல்

நண்பரே, எந்த நாடு என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் அனுபவம் எந்தத் தொழில் குறியீட்டின்கீழ் (ஒவ்வொரு தொழிலுக்கும் அந்தந்த நாட்டு அரசு வகுத்த வகைப்பாட்டு எண்) வரும் என்பதை முதலில் பாருங்கள். குடியேற்ற விதிகளில் பெரும்பாலானவை நீங்கள் இனி என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதைக் கேட்பதில்லை. இதுவரை சம்பளம் வாங்கிக்கொண்டு என்ன செய்தீர்கள் என்பதைத்தான் கேட்கின்றன. கனடாவின் கூட்டாட்சித் திறன்பணியாளர் பிரிவில், உங்கள் முதன்மைத் தொழிலாகக் காட்டும் குறியீட்டிலேயே கடந்த 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது ஓராண்டு தொடர்ச்சியான முழுநேர அனுபவம் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா 2024 டிசம்பரில் கொண்டுவந்த புதிய திறன்பணி விசாவும், முதலாளி நியமிக்கும் தொழிலில் அல்லது அதையொட்டிய துறையில் கடந்த 5 ஆண்டுகளுக்குள் ஓராண்டு அனுபவத்தைக் கேட்கிறது. சொந்தமாகக் கற்ற பாடங்களும் சான்றிதழ்களும் இந்தக் கணக்கில் அனுபவமாகச் சேராது.

ஜெர்மனி இதில் சற்றே விலகி நிற்கிறது. 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் உள்ளவர், மருத்துவம், செவிலியப் பணி போன்ற ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்கள் நீங்கலாக, தம் பட்டத்துக்கு நேரடித் தொடர்பில்லாத திறன்பணியிலும் சேர வழி உண்டு. நீங்கள் சொன்ன மூன்றில் துறை மாறுபவருக்கு ஓரளவு இடம் கொடுப்பது அதுதான் என்பது என் கருத்து. ஜெர்மன் மொழியைக் கற்பதுதான் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை.

பழைய தொழிலில் சென்று அங்கே மாறிக்கொள்ளலாம் என்பது சொல்வதற்கு எளிது. முதலாளியின் ஸ்பான்சர் விசாவில் செல்பவர் அந்த முதலாளியோடும் அந்தத் தொழிலோடும் கட்டப்பட்டிருப்பார். எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் வேலையின் தொழில் குறியீடு மாறினாலே புதிய விண்ணப்பம் போட வேண்டும்; புதிய வேலையும் தகுதிக்கான தொழில்நிலை, சம்பள வரம்பு இரண்டையும் எட்ட வேண்டும். நிரந்தர வசிப்புரிமை பெற்றுச் செல்பவருக்கு இந்தக் கட்டு இல்லை.

அளவுகோல்

நானும் உற்பத்தித் துறையிலிருந்து தரவுப் பக்கம் நகர்ந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்: உங்கள் விண்ணப்பங்களுக்குப் பதில் வராததற்கு நாடு காரணமாக இருக்காது, நீங்கள் உங்களை எப்படி அறிமுகப்படுத்துகிறீர்கள் என்பதே காரணமாக இருக்கலாம். பொதுவான டேட்டா அனலிஸ்ட் பணிக்கு, விசா ஏற்பாடு எதுவும் தேவைப்படாத உள்ளூர்ப் பட்டதாரிகளே போதிய எண்ணிக்கையில் கிடைக்கிறார்கள். அவர்களையும் உங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் ஒருவர் கடல் கடந்து ஆளை வரவழைக்கக் காரணமே இல்லை. ஆனால் பட்டறைத் தளத்தைத் தெரிந்த, அளவீடுகள் வரம்புக்குள் நிற்கின்றனவா என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தைப் பார்த்தவுடன் இது கருவித் தேய்மானமா, மூலப்பொருள் மாற்றமா என்று ஊகிக்கக்கூடிய, அதையே நிரலாகவும் எழுதக்கூடிய ஆள் எளிதில் கிடைப்பதில்லை. தரப் பொறியியல், உற்பத்தித் தரவு, செயல்முறை மேம்பாடு என்று வரும் விளம்பரங்களைத் தேடுங்கள். பணியின் பெயர் பொறியாளர் என்றே இருந்தாலும், அன்றாட வேலையில் பாதி நீங்கள் விரும்பும் வேலையாக இருக்கும். தொழில் குறியீட்டின் சிக்கலும் அதோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சுயவிவரக் குறிப்பில் சான்றிதழ்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். "பைத்தான் தெரியும்" என்பதைவிட, "மூன்று இயந்திரங்களின் அளவீட்டுப் பதிவுகளைத் தினமும் தானாகத் தொகுத்து, வரம்பை மீறுவதற்கு முன்பே எச்சரிக்கும் நிரலை எழுதி, அதைப் பணிமுறையில் பயன்படுத்தச் செய்தேன்" என்ற ஒரே வாக்கியம் அதிகம் பேசும். அப்படி ஒன்றை இன்னும் செய்யவில்லையென்றால், இப்போதுள்ள வேலையிலேயே அதைச் செய்ய மேலாளரிடம் அனுமதி கேளுங்கள். அதுவே துறை மாற்றத்தின் முதல் படி. அதற்கு வேலையை விட வேண்டிய தேவையும் இல்லை.

விளம்பரங்களைப் படிக்கும்போது, அந்நாட்டில் பணிபுரியும் உரிமை ஏற்கெனவே இருக்க வேண்டும் என்ற வரி இருந்தால் அதைக் கடந்து செல்லுங்கள். திறமையைக் காட்டி அந்த வரியை வெல்ல முடிந்தவர்கள் மிகக் குறைவு.

நெடுவழி

இருவருக்கும் நன்றி. அளவுகோல் அவர்கள் சொன்ன கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. அங்கே சென்று வேலை தேட அனுமதிக்கும் ஜெர்மனியின் வாய்ப்பு அட்டைக்கு என் வயதில் புள்ளிகள் தேறுமா? அல்லது அங்கே தரவு அறிவியலில் முதுகலை படித்துவிட்டு வேலை தேடுவது நல்லதா?

பொறியாளன்

ஜெர்மனியில் வசிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2024 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள வாய்ப்பு அட்டைக்கு 6 புள்ளிகள் வேண்டும். முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் உங்கள் படிப்போடு தொடர்புடைய பணியில் இருந்திருந்தால் 3 புள்ளிகள். 35 வயதைத் தாண்டி 40க்குள் இருப்பதால் 1. ஆங்கிலம் சி1 நிலையில் (ஏ1 முதல் சி2 வரையிலான ஐரோப்பிய மொழித்திறன் அளவில் மேல்நிலை) இருந்தால் 1. உங்கள் தகுதி ஆள்பற்றாக்குறை உள்ள தொழிலைச் சேர்ந்ததாக ஏற்கப்பட்டால் 1. ஆக, எல்லாம் கூடினால் சரியாக 6 வருகிறது. ஜெர்மன் மொழி ஏ2 என்றால் இன்னொன்று, பி1 என்றால் இரண்டு கூடும் என்பதால், ஆங்கிலத்தை மட்டும் நம்பி விளிம்பில் நிற்க வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே 3 புள்ளிகளைப் பெற்றுத் தருவது நீங்கள் விட்டுவிட நினைக்கும் அந்தப் பழைய அனுபவம்தான். உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு முழுமையாக இணையானது என்று ஏற்கப்பட்டால் புள்ளிக் கணக்கே தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் தகுதிநிலையை, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மனியின் 'அனபின்' தரவுத்தளத்தில் நீங்களே கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இந்த அட்டையில் அதிகபட்சம் ஓராண்டு தங்கி வேலை தேடலாம். வாரத்துக்கு 20 மணிநேரம் வரை பகுதிநேர வேலையும், ஒரு முதலாளியிடம் இரண்டு வாரம் வரை சோதனைப் பணியும் செய்யலாம். செலவுக்குப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். கையில் வேலை இல்லாமல் வருவதால் இது துணிச்சல்காரர்களின் வழி; குடும்பப் பொறுப்பு இருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதுகலை பற்றி: அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக்கட்டணம் இல்லை, படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதங்கள் வரை அனுமதியும் உண்டு. ஆனால் ஆங்கிலவழியில் படித்து முடித்தவர்களும் இறுதியில் மொழித் தடையிலேயே முட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். கனடாவையும் மனத்தில் வைத்திருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: அங்கே குடியேற்றத் தேர்வில் வயதுக்கான புள்ளிகள் 30லிருந்து ஆண்டுதோறும் இறங்கி 45இல் சுழியமாகிவிடும். இரண்டாண்டுப் படிப்பு உங்கள் வயதில் இரண்டாண்டுப் புள்ளிகளையும் தின்றுவிடும்.

கயல்

முகவர் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். திறன்பணியாளர்களைப் புள்ளிகளின்படி தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலைக் கடிதத்துக்கு வழங்கப்பட்டுவந்த கூடுதல் புள்ளிகள் 2025 மார்ச் 25 முதல் நீக்கப்பட்டுவிட்டன. கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த முகவர் உங்களுக்கு விற்க முனைவது அப்படியொரு கடிதமாக இருக்கலாம். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கையின் பொது விதி. விதிவிலக்கு அனுமதிக்கும் நாடுகள் உண்டென்றாலும், வேலைக்காக முன்பணம் என்ற பேச்சு வந்தவுடன் விலகிக்கொள்வதே நல்லது.

கடைசியாக ஒன்று. இப்போதைய நிறுவனத்தை விட்டு வருவதற்கு முன் அனுபவக் கடிதத்தை முறையாக வாங்கிவிடுங்கள். பதவியின் பெயரும் தேதிகளும் மட்டும் உள்ள ஒருபத்திக் கடிதம் போதாது. வாரத்துக்கு எத்தனை மணிநேரம், என்ன சம்பளம், அன்றாடம் செய்த பணிகள் என்னென்ன என்பதெல்லாம் அலுவலகத் தலைப்புத்தாளில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். தரவுப் பகுப்பாய்வு உண்மையிலேயே உங்கள் பணியின் ஒரு பகுதியாக இருந்திருந்தால், அதைப் பெயர் சொல்லி எழுதித் தருமாறு கேளுங்கள். அதிகாரிகள் பதவிப்பெயரைவிட அந்தப் பணிப்பட்டியலைத்தான் தொழில் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.